நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கப் போகும் கண்ணுக்கு

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இருக்கிறாய். நிகழ்தகவு என்றதும் உன் முகம் வாடுவதைப் பார்த்தேன். நான் கற்றதில் சிலவற்றைச் சொல்கிறேன், கேள்.

1. உன் பயத்தைப் பிள்ளைகளிடம் இறக்கி வைக்காதே. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் வகுப்பில் "எனக்கே இது வராது" என்றாள். அதுவரை ஆர்வமாகப் போட்டுக்கொண்டிருந்த சிறுமி நோட்டை மூடிவிட்டாள். சொல்லிக்கொடுக்காமலே தொற்றிக்கொள்வது பயம்.

2. பின்னத்துக்கு முன் பேச்சு வரட்டும். இன்று மழை வருமா, பஸ் நேரத்துக்கு வருமா? கண்டிப்பாக, ஒருவேளை, நடக்கவே நடக்காது என்று பிள்ளைகளே பிரிக்கட்டும். அவசரப்படாதே, எண் பின்னால் வரும்.

3. பொறுமையாக இரு. நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஏழு தலை விழுந்தால் பாடம் கெட்டுவிட்டதென்று பதறாதே. வகுப்பு முழுவதும் சுண்டியதைக் கரும்பலகையில் கூட்டு. இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் இருந்த ஜான் கெரிச் 10,000 முறை நாணயம் சுண்டினார். தலை விழுந்தது 5,067 முறை. பாதியை நெருங்க அத்தனை பொறுமை வேண்டும்.

4. நியாயமாக இரு. இரண்டு பகடையை உருட்டினால் 36 வழிகளில் கூட்டுத்தொகை 7 வருவது ஆறு வழியில். 12 வருவது ஒரே வழியில். 7 என்று யோசித்துச் சொன்ன பிள்ளைக்கு 12 விழுந்துவிட்டால் "தப்பு" என்று சொல்லிவிடாதே. விழுந்ததை வைத்து அளக்காதே, யோசித்ததை வைத்து அள.

5. தடுமாறும் பிள்ளையை இளக்காரமாகப் பார்க்காதே. நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு நான்கில் மூன்று. அதை மூன்றில் இரண்டு என்று 1754-இல் எழுதியவர் பிரான்சின் பெரிய கணித அறிஞர் தலம்பேர். அறிவாளியும் வழுக்கிய இடம் இது, கண்ணு. பிள்ளை வழுக்கினால் "எல்லா வழியையும் எழுதிப் பார்ப்போமா?" என்று பக்கத்தில் உட்கார்.

6. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசாதே. தாயம் ஆடும் வீட்டுப் பிள்ளை சோழியை நீட்டி, "இதுவும் பாதிக்குப் பாதியா டீச்சர்?" என்று கேட்கும். சோழியின் முதுகும் வாயும் ஒன்றல்ல; பாதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. "எனக்கும் தெரியலை, போட்டு எண்ணுவோம்" என்று சொல். பயிற்சிக்குப் போகும் அன்று பையில் ஒரு நாணயமும் நாலு சோழியும் போட்டுக்கொள்.