ஐ.எஸ். கையில் ட்விட்டர்

கேள்வி: தீவிரவாத இயக்கங்கள் சமூக ஊடகங்களில் செல்வாக்கு பெறுவது எப்படி?

பதில்: ஐ.எஸ். இயக்கம் 2014 ஜூனில் ஈராக்கின் மோசுல் நகரைப் பிடித்தபோது, ஆதரவாளர்களின் செல்போன்களில் அரபு மொழிச் செயலி ஒன்று இருந்தது. அது அவர்களின் ட்விட்டர் கணக்குகளிலிருந்து இயக்கத்தின் செய்திகளைத் தானே பதிவிட்டது. ஸ்பாம் தடுப்பில் சிக்காதபடி இடைவெளி விட்டு விட்டு. ஒரே நாளில் சுமார் 40,000 பதிவுகள் வரை போயின. சிறு கூட்டத்தின் குரல் பெரும்படையின் முழக்கமாகக் கேட்டது. தங்கள் பதிவுகளைப் பரப்ப, உலகக் கோப்பைக் கால்பந்து ஹேஷ்டேக்குகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஆள் பிடிக்கும் வேலையோ திரைமறைவில் நடந்தது: ஆர்வம் காட்டியவரிடம் தனிச்செய்தியில் பேச்சுக் கொடுத்து, நாள்கணக்கில் பழகி, பிறகு ரகசியம் காக்கும் செயலிகளுக்கு அழைத்துப் போனார்கள். இயக்கம் வெளியிட்ட கொலைக் காணொளிகளைவிட இந்தப் பொறுமையான சிநேகம்தான் ஆபத்தானது. 2015 நடுவிலிருந்து 2016 பிப்ரவரிக்குள் தீவிரவாதத்துக்கு ஆதரவான 1,25,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை ட்விட்டர் முடக்கியது. ஆதரவாளர்களில் பலர் டெலிகிராமுக்கு ஜாகை மாற்றினார்கள்.