வேலியோரத்துச் செம்மணிகள்

வளவு வேலிகளில் அழகுக்காக விட்டுவைக்கப்படும் செம்மணிச் செடிகளுள் நன்கு அறியப்பட்டது குண்டுமணிக் கொடியாகும். குன்றிமணி என்பதும் இதுவே. பொத்துவிலை அடுத்த லகுகல, பாணமைப் பக்கத்துச் சிங்களக் கமக்காரர் இதனை ஓலிந்த என்பர். செவ்விதையின் ஒரு முனையில் கரும்பொட்டு இருக்கும். ஆனைக்குண்டுமணி எனப்படும் மஞ்சாடியோ மரம், சிங்களத்தில் மதட்டிய. அதன் விதை முழுவதும் சிவப்பு, பொட்டு இல்லை. 2 குன்றி எடை 1 மஞ்சாடி என்பது பழைய பொற்கணக்கு. பெயர் ஒத்திருப்பதால் குணமும் ஒன்றெனக் கொள்ளுதல் பெருந்தவறு.

குண்டுமணியில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சுண்டு. முழுதாக விழுங்கிய விதை, தோல் கடினமாதலால், பெரும்பாலும் கேடின்றிக் கழியும். மென்றதும், மாலை கோக்கத் துளையிட்டதும், அரைத்ததும் உயிருக்கே ஆபத்தானவை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம், சிலவேளை ஒரு நாளுக்கு மேலும், தாமதித்தே தோன்றும். மாற்றுமருந்து கிடையாது. ஆகையால் குழந்தை மென்றதாகச் சிறிது ஐயம் ஏற்படினும் நோய்க்குறிக்குக் காத்திராது, மீதி விதையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலை செல்க.

கிணற்றடியிலும் மாட்டுப்பட்டியருகிலும் உள்ள கொடியைக் காய் வெடிக்குமுன் வேரோடு அகழ்ந்துவிடுக. மேலே வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். வேலிக்கு அழகு வேண்டுவோர் தூதுவளையைப் படரவிடலாம். அதன் கனியும் சிவப்பே. இலை கறிக்கு உதவும். பறிக்கும்போது முள் குத்தும் என்பது உண்மைதான்.