நல்ல சுகமாகத்தானே இருந்தவர்!



ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு மலர்ச்சாலைக்குப் போய்த் திரும்பும்போது நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய வார்த்தை ஒன்று உண்டு. "நல்ல சுகமாகத்தானே இருந்தவர், போன கிழமையும் கோவிலில் கண்டு கதைத்தேனே!"

சென்ற மாரியில் எங்கள் அன்னதானத் தொண்டர் ஒருவரை இழந்தபோது நாமும் இதையே சொன்னோம். ஐம்பது வயதைத் தாண்டாதவர். புகைத்தலும் மதுவும் அறியாதவர். அரிசி மூட்டையைத் தனியே தூக்கி வைப்பவர். வீட்டு வாசலில் ஸ்னோ தள்ளிவிட்டு உள்ளே வந்தவர், "நெஞ்சு கொஞ்சம் இறுக்குது, வாய்வாக இருக்கும்" என்று சொல்லி இஞ்சித் தேநீர் கேட்டிருக்கிறார். அம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று மனைவி கேட்க, "சும்மா அயலட்டையைக் கூட்டாதையும்" என்று மறித்துவிட்டார். ஒரு மணித்தியாலம் கழிந்த பின்னரே தொலைபேசி எடுக்கப்பட்டது. குடும்பத்தாரின் சம்மதத்துடன், பெயரைத் தவிர்த்து, இதை இங்கே எழுதுகிறோம்.

"சுகமாக இருந்தவருக்கு இது எப்படி வந்தது?" என்ற கேள்விக்கு விதி என்று மட்டும் பதில் சொல்லி விட்டுவிடலாகாது. வைத்திய விஞ்ஞானம் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. அதை அறிந்துகொண்டால் இன்னொரு வீட்டில் இது நடவாமல் தடுக்க முடியும்.

வெளியே தெரியாத வருத்தம்

இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்பவை முடியுரு நாடிகள். இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிவது இளவயதிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தப் படிவு நாடியைச் சிறிது சிறிதாக ஒடுக்கி, கடைசியில் அடைத்துவிடும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியும் நடப்பதுண்டு. அவ்வாறு ஒடுங்கினால் மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சு இறுகி முன்கூட்டியே எச்சரிக்கும்.

ஆனால் திடீர் மாரடைப்புகளில் பல வேறு விதமாக வருகின்றன. நாடியைப் பாதியளவும் அடைக்காத ஒரு படிவின் மெல்லிய மேற்தோல் ஒரு நாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தைக் காயம் என்று கருதி இரத்தம் அங்கே உறைகிறது. சில நிமிடங்களில் அந்த இரத்தக் கட்டி நாடியை முற்றாக அடைத்துவிடுகிறது. முதல் நாள் வரை இரத்தம் தாராளமாக ஓடிய நாடி அது. ஆகவே அவருக்கு எந்த அறிகுறியும் இருந்திராது. நடை இயந்திரத்தில் செய்யும் பரிசோதனையும் பெரிய ஒடுக்கங்களையே காட்டும். இத்தகைய சிறு படிவுகளை அது தவறவிடலாம். "போன மாதம்தானே எல்லாம் சரி என்று சொன்னார்கள்" என்று குடும்பத்தினர் கலங்குவதற்குக் காரணம் இதுதான்.

உடற்கட்டு வேறு, நாடியின் நிலை வேறு என்பதை நாம் முதலில் மனதில் இருத்த வேண்டும்.

மூவரின் வாழ்வு தரும் பாடம்

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமாரை நம் பிள்ளைகளும் அறிவார்கள். தேகப்பயிற்சிக்குப் பேர்போனவர். 2021 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை பெங்களூரில் பயிற்சி செய்தபின் அசௌகரியம் ஏற்பட்டு, அன்றே மாரடைப்பால் காலமானார். வயது 46. அவருடைய தமையனார் சிவராஜ்குமாருக்கு 2015இலேயே மாரடைப்பு வந்து சுகமாகியிருந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி சென்னையில் நடிகர் விவேக் தமது 59ஆவது வயதில் காலமானார். யோகாவும் சைக்கிள் ஓட்டமுமாக இருந்தவர், மரம் நடுவதற்காக ஊர் ஊராகத் திரிந்தவர். இருதயத்தின் முன்பக்கமாக இறங்கும் முக்கிய நாடி முற்றாக அடைபட்டிருந்ததாக வைத்தியர்கள் தெரிவித்தனர். மயங்கி விழுந்ததற்கு முதல் நாள் அவர் கொரோனாத் தடுப்பூசி போட்டிருந்தபடியால் பல கதைகள் எழுந்தன. இந்திய மத்திய அரசின் ஆய்வுக் குழு அதற்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பின்னர் அறிவித்தது.

மூன்றாமவர் அமெரிக்கரான ஜிம் ஃபிக்ஸ். ஓட்டப் பயிற்சி பற்றி 1977இல் அவர் எழுதிய நூல் இலட்சக்கணக்கில் விற்று, ஒரு தலைமுறையையே ஓட வைத்தது. 1984 ஜூலை 20ஆம் திகதி வெர்மொண்ட் மாநிலத்தில் ஓடிக்கொண்டிருக்கையில் விழுந்து இறந்தார். வயது 52. பிரேத பரிசோதனையில் முடியுரு நாடிகள் மூன்றிலும் பெரிய அடைப்புகள் காணப்பட்டன. அவருடைய தகப்பனார் 43 வயதிலேயே இருதய நோயால் இறந்தவர். ஃபிக்ஸ் தாமும் 35 வயது வரை நிறையப் புகைத்தவர். பரிசோதனை செய்துகொள்ளும்படி வைத்தியர் ஒருவர் கேட்டும் மறுத்திருந்தார்.

இவற்றைப் படித்துவிட்டு "அப்படியானால் தேகப்பயிற்சி ஆகாது" என்று யாரும் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துவிட வேண்டாம். ஒழுங்காக உடலை அசைப்பவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்புக் குறைவு என்பது பலமுறை நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆனால் பரம்பரையும், இரத்தத்தில் உள்ள கொழுப்பும், முன்னாள் பழக்கங்களும் பயிற்சியால் மட்டும் அழிந்துபோவதில்லை.

எங்கள் மக்களுக்கு ஏன் அதிகம்?

இந்தக் கேள்வியை ஆராய்ந்ததில் நாம் வாழும் ஒன்ராறியோவுக்குப் பெரும் பங்குண்டு. ஹமில்ரன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் வைத்தியர்கள் சோனியா ஆனந்த், சலீம் யூசுப் ஆகியோர் ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மன்ரன் நகரங்களில் வாழும் தெற்காசியர், சீனர், ஐரோப்பிய வம்சாவளியினர் ஆகிய மூன்று பகுதியினரைப் பரிசோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இருதய, இரத்தக்குழாய் நோய் தெற்காசியரில் 11 வீதம், ஐரோப்பியரில் 5 வீதம், சீனரில் 2 வீதம் எனக் காணப்பட்டது. வியப்பு என்னவென்றால், கழுத்து நாடிச் சுவரின் தடிப்பு ஐரோப்பியரிலேயே சற்று அதிகமாக இருந்தது. நாடி அவ்வளவு தடிக்காமலே எங்களவர்க்கு நோய் வந்திருக்கிறது. சீனியும் சில கெட்ட கொழுப்புகளும் இரத்தம் உறையும் தன்மையும் எங்களில் கூடுதலாக இருந்தமை இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

அதே பல்கலைக்கழகத்திலிருந்து 52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்னொரு பெரிய ஆய்வில், முதல் மாரடைப்பு தெற்காசியரை ஏறக்குறைய 53 வயதிலும் மற்றையோரை 59 வயதளவிலும் தாக்குவது தெரிந்தது. ஆறு வருடங்கள் முந்தி வருகிறது. பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வயது, வீட்டுக் கடன் கட்டி முடியாத வயது அது.

எனினும் அதே ஆய்வு ஆறுதலான செய்தி ஒன்றையும் தந்தது. புகைத்தல், கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தொந்தி, மன அழுத்தம், மரக்கறி பழங்கள் குறைந்த உணவு, உடலசைவின்மை, மது ஆகிய ஒன்பது விடயங்களே மாரடைப்பு ஆபத்தின் பத்தில் ஒன்பது பங்குக்குக் காரணமாக இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை எங்கள் கைக்குள் அடங்குபவை.

குடும்ப வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

1. கனடாவில் கொழுப்புப் பரிசோதனை பொதுவாக 40 வயதில் தொடங்கும். தெற்காசியர் அதற்கு முன்னரே செய்வது நல்லது என்று கனடிய வழிகாட்டிகள் கூறுகின்றன. 30 வயதைத் தாண்டிய மகனையும் மகளையும் கேட்கச் சொல்லுங்கள்.

2. தகப்பன், சகோதரர் 55 வயதுக்கு முன்னரோ, தாய், சகோதரி 65 வயதுக்கு முன்னரோ இருதய நோய்ப்பட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஊரில் "நித்திரையிலேயே போய்விட்டார்" என்று சொல்லப்பட்ட பெரியப்பாவும் இதில் அடங்கலாம்.

3. லைப்போபுரோட்டீன் ஏ என்னும் பரம்பரைக் கொழுப்பை வாழ்நாளில் ஒருமுறையாவது அளந்து பார்க்கும்படி கனடிய இருதய வைத்தியர் சங்கம் 2021இல் பரிந்துரைத்தது. சாதாரண கொலஸ்ரரோல் பரிசோதனையில் இது தெரியவராது.

4. மெலிந்தவரும் இடுப்பை அளக்க வேண்டும். எங்களவருக்கு ஆண்களில் 90 சென்ரிமீற்றர், பெண்களில் 80 சென்ரிமீற்றர் எல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு இருப்பதை "செல்வத் தொந்தி" என்று பகிடி பண்ணுவதை நாம் கைவிட வேண்டும்.

5. எழுதித் தந்த குளிசைகளை "இப்போது சுகம்" என்று சொல்லித் தாமாக நிறுத்த வேண்டாம். விரத காலத்தில் மருந்து எடுப்பது எப்படி என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள்.

ஸ்னோ தள்ளும் காலம்

கியூபெக் மாகாணத்தின் முப்பது வருடத் தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை ஒன்று, கடும் ஸ்னோ கொட்டிய மறுநாள் ஆண்களில் மாரடைப்பு மரணங்கள் கூடுவதைக் காட்டியது. 20 சென்ரிமீற்றர் கொட்டினால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடியது. குளிர் நாடிகளைச் சுருக்குகிறது. மூச்சை அடக்கி பாரத்தைத் தூக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென உயர்கிறது. நாள் முழுவதும் இருந்து வேலை செய்பவர் விடிய எழும்பி வெறும் வயிற்றில் இதைச் செய்கிறார். சிறு சவளால், கொஞ்சம் கொஞ்சமாக, தூக்காமல் தள்ளி, இடையிடையே நின்று செய்யுங்கள். இருதய நோய் உள்ளவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்பதில் வெட்கமில்லை.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

நெஞ்சின் நடுவே இறுக்கம் அல்லது பாரம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், ஓங்காளம் ஆகியவை அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு நோவே இல்லாமல் களைப்பும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம். "வாய்வு" என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபின் வைத்தியர் வாய்வு என்று சொல்லட்டும், சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம்.

உடனே 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். காரில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டாம். அம்புலன்ஸில் வருபவர்கள் வாசலிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள், வழியில் இருதயம் நின்றாலும் அவர்களிடம் கருவி உண்டு. அஸ்பிரின் ஒவ்வாதவராக இல்லாவிட்டால், அழைப்பை எடுப்பவர் சொன்னபடி அதைச் சப்பி விழுங்கலாம்.

மாரடைப்பு என்பது நாடி அடைபடுவது. அதனால் சிலருக்கு இருதயத் துடிப்பே நின்றுவிடும். ஆள் விழுந்து, கூப்பிட்டால் பேச்சில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் துடிப்பு நின்றுவிட்டது என்றே கொள்ளுங்கள். சுற்றி நின்று விசிறுவதாலோ வாயில் தண்ணீர் விடுவதாலோ பயனில்லை. ஒருவர் 911ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும். மூன்றாமவர் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியைக் கொண்டுவர வேண்டும். அந்தக் கருவியே என்ன செய்வதென்று பேசிச் சொல்லும். ஒன்றும் செய்யாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு போய்விடுகிறது.

2021 ஜூன் 12இல் கொப்பன்ஹேகன் மைதானத்தில் விழுந்த டென்மார்க் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் உயிர்தப்பியது இவ்வாறுதான். அவர் மறு வருடமே மீண்டும் விளையாடினார். உதவி செய்பவர் தயங்கவும் தேவையில்லை. நல்லெண்ணத்துடன் அந்தக் கருவியைப் பயன்படுத்துபவரை ஒன்ராறியோச் சட்டம் 2007 முதல் பாதுகாக்கிறது.

எங்கள் பக்கத்துக் குறை

இதை எழுதும் முன்னர், மண்டபத்தில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று நிர்வாக சபைக் கூட்டத்தில் கேட்டோம். எங்களில் சிலருக்கே தெரியவில்லை. மடைப்பள்ளியில் பெரிய கிடாரம் எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். இந்தக் குறையை ஒளிக்க விரும்பவில்லை. இனி அது பூட்டிய அறையில் இராது, எல்லோரும் காணும் இடத்தில் இருக்கும். தொண்டர்கள் அனைவரும் நெஞ்சமுக்கும் முதலுதவியைப் பழகுவதென்றும் தீர்மானித்தோம். நீங்களும் வந்து பழகுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இதைப் பழகலாம்.

மறைந்த அன்பரின் மனைவி எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவர் மறித்தாலும் நான் எடுத்திருக்க வேணும் எண்டு ஒவ்வொரு நாளும் நினைக்கிறன்." அந்தத் தாயில் ஒரு குற்றமும் இல்லை. நாம்தான் அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். ஆகவே இப்போது எல்லோருக்கும் சொல்கிறோம்: யார் மறித்தாலும் தொலைபேசியை எடுங்கள். அயலட்டை பார்த்தால் பார்க்கட்டும்.