சத்தம் எதன் பின்னால் போகிறது?

பிக்கப் வண்டியில் ‘ஊய்ங்’ என்று ஒரு சத்தம் கிளம்பிவிட்டால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். டயர் என்பார் ஒருவர், பேரிங் என்பார் இன்னொருவர், கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிடு என்பார் மூன்றாமவர். லோடு வண்டி ஓட்டிப் பழகியதில் நான் கற்றது இதுதான்: சத்தம் எப்படி இருக்கிறது என்று வர்ணிப்பதில் பயனில்லை. எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கவனித்தால் கோளாறு இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

முதல் சோதனைக்கு வண்டி நகரவே வேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். சத்தமும் கூடவே ஏறினால் கோளாறு முன்பக்கம்தான். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடிக்கும்போது கூடினால் பவர் ஸ்டியரிங் பம்ப்பைப் பாருங்கள். ஆயில் குறைந்திருக்கலாம், நுரைத்திருந்தால் எங்கோ காற்று புகுகிறது. ஹெட்லைட்டும் பிளோயரும் போட்டதும் கூடினால் ஆல்டர்னேட்டர் மேல் சந்தேகப்படலாம். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, புல்லிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தால், பேரிங் போனது கரகரவென்று விரலுக்கே தெரியும்.

கிளட்ச்சையும் ஒரு தடவை மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

நிற்கும்போது சத்தமே இல்லை, ஓடினால்தான் வருகிறது என்றால் ஆளில்லாத நேரான ரோட்டுக்குப் போக வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறியும் சத்தம் மாறவில்லை என்றால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பவைதான் மிச்சம்: புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், வீல் பேரிங், டயர். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தம் வேறு மாதிரி ஆனால் அது டயர். இடப்பக்க வளைவில் கூடி, வலப்பக்க வளைவில் குறைந்தால் வலப்பக்க வீல் பேரிங்; வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் இறங்குவதுதான் காரணம். ஆக்சிலரேட்டரில் கால் வைத்தால் ஒரு மாதிரி, எடுத்தால் வேறு மாதிரி என்றால் டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் பல்சக்கரங்கள் பக்கம் போங்கள்.

என் வண்டியில் கடைசியாகச் சொன்னதுதான் நடந்தது. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணிக்குப் போகும் வழியில், ஐம்பதைத் தாண்டினால் பின்னாலிருந்து ஊளை. காலை எடுத்தால் தணிந்துவிடும். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாதிகூட இல்லை. பினியன் பல் கிரவுனை அழுத்தும்போது கூடுகிறது, அழுத்தம் விட்டால் குறைகிறது என்று கணக்கு சரியாக வந்தது.

கீழே படுத்துப் பார்த்தேன். புரொப்பல்லர் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலில் போய்ச் சேரும் இடத்தில், ஆயிலும் புழுதியும் கலந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருந்தது. பினியன் ஆயில் சீல் கசிகிறது. ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டால், துளையின் கீழ் விளிம்பிலேயே ஆயில் தட்டுப்பட வேண்டும். இரண்டு கணு மடக்கியும் விரல் காய்ந்துதான் வந்தது. ஆக்ஸில் மேலே இருக்கும் குட்டி பிரீதரில் சேறு இறுகிப்போயிருந்தது. ஓடி ஓடிச் சூடாகும்போது உள்ளே விரியும் காற்றுக்கு அதுதான் வழி. அது அடைபட்டால் அழுத்தம் சீலைத் தள்ளி ஆயிலை வெளியே விடும்.

“தம்பி, ஆயிலை மட்டும் ஊத்திட்டுப் போனா சத்தம் அமுங்கும், கோளாறு போகாது” என்றார் பட்டறை அண்ணன். அவர் சொன்னது சரிதான். திறந்து பார்த்தால் பினியன் பேரிங் ரோலர்களில் பொடிப்பொடியாகக் குழி. நல்லவேளை, பற்களில் சேதமில்லை. பேரிங்கும் சீலும் புதிதாகப் போட்டு, பல்லில் கலர் பேஸ்ட் தடவிச் சுற்றி, இரண்டு பல்லும் நடுவில் பதிகிறதா என்று பார்த்துத்தான் மூடினார். ஊளை போனது.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஆயிலை வடிக்கும் முன் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது துருப்பிடித்து மாட்டிக்கொண்டால் வண்டி அங்கேயே படுத்துவிடும்.

டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 ரக ஆயில். அதிலுள்ள கிரவுன், பினியனின் ஹைப்பாய்ட் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடுபவை. அந்த அழுத்தத்தைச் சாதாரண ஆயில் தாங்காது. அதற்காக மிச்சம் இருப்பதைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். பல கியர்பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 தான். ஜிஎல்-5ல் சேர்க்கும் சில மருந்துகள் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதே சட்டம்.

டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் துடைக்கும் முன் பாருங்கள். மை போன்ற பூச்சு இயல்பான தேய்மானம். செதில் செதிலாகத் துண்டு ஒட்டியிருந்தால் உடனே திறக்க வேண்டும். பல் போயிருந்தால் கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை திரும்ப வரும்.

சீல் மட்டும் மாற்றினாலும் பினியன் நட்டை இஷ்டத்துக்கு முறுக்கவிடாதீர்கள். பேரிங்கின் இறுக்கம் அதில்தான் இருக்கிறது. கூடினால் பேரிங் சூடாகும், குறைந்தால் பினியன் ஆடும். இரண்டுமே புதுச் சத்தத்துக்கு வழி.

பட்டறைக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த வேகம், எந்த கியர், லோடு உண்டா இல்லையா, கால் வைத்தாலா எடுத்தாலா, நேர் ரோட்டிலா வளைவிலா. இவ்வளவும் கையில் இருந்தால், தேவையில்லாத பாகத்துக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்காது.