ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் மூளையில் ஒன்றுமில்லையா?

‘எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு, மூளையில ஒண்ணுமில்லையாம்.’ இந்த ரிப்போர்ட்டோடு காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டுக்குத் திரும்பும் குடும்பத்துக்கு மிஞ்சுவது இரண்டே வழி: மனநல மாத்திரை, இல்லாவிட்டால் மந்திரிப்பு. பக்கத்திலேயே திருநள்ளாறு இருக்க, ஏழரைச் சனி என்று சொல்லவும் ஆளிருக்கும். நன்றாக இருந்த இளம்பெண் சில நாட்களில் தூக்கம் கெட்டுப் பிதற்றுகிறாள், யாரோ கொல்ல வருவதாக அலறுகிறாள், வாயைக் கோணி மெல்லுவதுபோல் அசைக்கிறாள், வலிப்பு வருகிறது, கடைசியில் பேச்சே நின்றுபோகிறது. ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007இல் விவரித்த என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளையழற்சி பெரும்பாலும் இப்படித்தான் வரும். உடலின் எதிர்ப்புப் புரதங்களே (ஆன்டிபாடி) மூளையைத் தாக்கும் நோய் இது. சாமி கும்பிடுவதால் கெடுதல் இல்லை, அதில் கழியும் வாரங்கள்தான் கெடுதல்.

2013இல் ‘லான்செட் நியூராலஜி’ இதழில் வந்த 577 நோயாளிகளின் ஆய்வில், எம்.ஆர்.ஐ.யில் கோளாறு தெரிந்தது மூன்றில் ஒருவருக்குத்தான். ஈ.ஈ.ஜி.யோ பத்தில் ஒன்பது பேருக்கும், முதுகுத்தண்டு நீர் ஐந்தில் நான்கு பேருக்கும் மாறியிருந்தது. இதில் வியப்பில்லை. எதிர்ப்புப் புரதம் நரம்பணுவைக் கொல்வதில்லை. அணுவின் மேற்பரப்பில் செய்தி வாங்கும் ஏற்பிகளை உள்ளே இழுத்துவிடுகிறது. வீக்கத்தையும் சிதைவையும் பார்க்கும் கருவிக்கு இது எப்படித் தெரியும்? பெர்லினின் சாரிட்டே மருத்துவமனைக் குழு அதே 2013இல் வேறுவகை ஸ்கேன் செய்து பார்த்தது. வழக்கமான படத்தில் குறையில்லாதவர்களுக்கும் நினைவாற்றலுக்கான ஹிப்போகேம்பஸின் தொடர்புகள் தளர்ந்திருந்தன. அந்தத் தளர்வு நினைவுத் தேர்வு மதிப்பெண்ணோடும் ஒத்துப்போனது.

நம்பிக்கைக்கு இடமும் இங்கேதான். அணு சாகாததால், தாக்குதல் நின்றால் ஏற்பிகள் திரும்ப வரும். அந்த 577 பேர் ஆய்வில் இரண்டாண்டு முடிவில் ஐந்தில் நான்கு பேர் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்களுக்குப் பலன் கூடுதல். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் எல்.ஜி.ஐ.1 வகை மூளையழற்சி வேறு மாதிரி. அதில் ஹிப்போகேம்பஸ் வீங்குவது படத்திலேயே பலருக்குத் தெரியும். பின்னால் அது சுருங்கி, ஞாபகமறதி மிஞ்சுவதும் உண்டு.

அப்படியானால் ஸ்கேன் வெட்டிச் செலவா என்றால், இல்லை. பக்கவாதம், கட்டி, ஹெர்பிஸ் கிருமித் தாக்குதல் ஆகியவற்றைப் பிரித்தறிய அது வேண்டும். நோயின் போக்கைக் கணிக்க 2019இல் வந்த ஐந்து புள்ளி மதிப்பீட்டிலும் எம்.ஆர்.ஐ.க்கு ஒரு புள்ளி உண்டு, ஒன்றே ஒன்று. மனநோய் என்று வரும் எல்லோருக்கும் முதுகில் ஊசி போட்டு நீரெடுக்கச் சொல்வதா என்றும் மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்று மாதத்துக்குள் முற்றிய குழப்பம், அதோடு வலிப்பு, விநோத அசைவு, உணர்வு மங்குதல் என்று சேர்ந்து வந்தால் மட்டும் போதும். காரைக்கால்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் சுமார் 130 கி.மீ. தூரம், அங்கே போகும்போது ஸ்கேன் படத்தோடு நிற்காமல், முதுகுத்தண்டு நீர், ஈ.ஈ.ஜி. பற்றியும், பெண்களுக்கு இந்நோயைத் தூண்டக்கூடிய சினைப்பைக் கட்டி பற்றியும் கேட்க வேண்டும். ஆன்டிபாடி முடிவு வர நாளாகும்; மற்ற காரணங்களை விலக்கிவிட்டால், அதற்குக் காத்திராமலே ஸ்டீராய்டு போன்ற முதல்கட்டச் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதே 2016இல் நிபுணர் குழு வகுத்த நெறி.