பழைய ஜீப்பை வீட்டில் பிரிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

எஸ்டேட்டுகளிலும் மலைக்கிராமங்களிலும் உழைத்து ஓய்ந்த பெட்ரோல் ஜீப்புகள் இப்போது இளைஞர்கள் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மனத்தில் வைத்துப் பேசுவது சிஜே-3பி என்ற உயரமான பானெட் வைத்த வண்டியை. மகிந்திரா நிறுவனம் 1947ல் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. 1953ல் அமெரிக்காவில் வெளிவந்த சிஜே-3பியை அங்கே 1968ல் நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் அதற்குப் பிறகும் வெகுகாலம் அது ஓடிற்று. அதில் கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. கண்ணும் காதும் மூக்கும் சரியாக இருக்கிற எவரும் அதன் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்.

1. கோளாறு எது என்று தெரியாமல் ஒரு சாமான்கூட வாங்காதீர்கள். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி மெக்கானிக் ஆகிவிடுவீர்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் காயில், கண்டன்சர், ப்ளக், பம்ப் என்று மொத்தமாக வாங்கி மாட்டுகிறார்கள். வண்டி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. ஓடாவிட்டால் பழைய கோளாறோடு புதுச் சாமானின் கோளாறும் சேர்ந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். எதை மாற்றினோம், என்ன ஆயிற்று என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

2. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இந்த ஜீப்பில் இன்னொரு ஆபத்து உண்டு, அதைச் சொல்பவர்கள் குறைவு. இதன் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், அந்தச் சக்கரம் டிஃபரன்ஷியல் வழியாகச் சுற்ற, தரையில் இருக்கும் மறு சக்கரமும் உருளும். ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்துப் போட்டிருந்தாலும் வண்டி நகர்ந்துவிடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினாலோ ஹேண்ட் பிரேக்கே இல்லாத மாதிரிதான். ஆகவே சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, கையால் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே கீழே போங்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் ஒருநாளும் முட்டுக் கொடுக்காதீர்கள். அவை முன்னறிவிப்பு இல்லாமல் உடையும்.

3. சரியான ஸ்பேனர் வாங்குங்கள். இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் உட்காருவது போல் உட்கார்ந்து, அழுத்தும்போது வழுக்கித் தலையை உருட்டிவிடும். 7/16, 1/2, 9/16, 5/8 ஆகிய நான்கும் இருந்தால் வண்டியின் பெரும்பகுதியைப் பிரிக்கலாம். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை அசைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். வில்லிஸ் காலத்துப் பழக்கப்படி செய்த வண்டிகளில் இடது பக்கச் சக்கர போல்ட்டுகள் எதிர்மரை. முனையில் ‘எல்’ என்று பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் நீண்ட பைப்பை மாட்டி மிதிப்பவர்கள் போல்ட்டை முறித்துவிடுவார்கள்.

4. எஞ்சினை ஓட வைப்பதற்கு முன்னால் பிரேக்கைச் சரி செய்யுங்கள். பிள்ளைகள் இதை எப்போதும் தலைகீழாகச் செய்கிறார்கள். எஞ்சின் சத்தம் கேட்டதும் தெருவைச் சுற்றி வர ஆசை வந்துவிடும். நிறுத்தத் தெரியாத வண்டியை ஓட வைத்து என்ன பயன்? பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழிதான். எங்கேனும் ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால், நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, ஆவி உண்டாகி, பெடல் பலகையைத் தொட்டுவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். குறைகிறதே என்று எஞ்சின் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் உப்பிப் போகும். மாற்றியபின் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்கி ஏர் எடுங்கள்.

5. ஸ்டார்ட் ஆகாத வண்டியிடம் முதலில் கரண்ட்டைப் பற்றிக் கேளுங்கள், பிறகு பெட்ரோலை, கடைசியாக கம்ப்ரஷனை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பேட்டரியை மீட்டரால் பாருங்கள். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்தாயிற்று. டெர்மினல்களைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையில் இருக்கும் எர்த் பட்டையைக் கட்டாயம் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடானால், எர்த் பட்டை அறுந்திருக்கிறது, அந்தக் கரண்ட் முழுவதும் கேபிள் வழியாகத் திரும்புகிறது என்று பொருள்.

அடுத்து ஒரு ப்ளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, உடலை எஞ்சின் இரும்பில் தொட வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. நீலமாக, பளிச்சென்று பொறி வந்தால் இக்னிஷனை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மஞ்சளாக, மெலிந்து வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். பாயிண்ட் கருகியிருக்கிறதா? கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், ப்ளக் இடைவெளி 0.030 அங்குலம், ஃபீலர் கேஜ் வைத்து அளங்கள், கண்மதிப்பில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஊட்டி, வால்பாறைப் பக்கம் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதற்குப் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் கோத்திருக்கும் ஈரமே காரணம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். வயர்களைக் கழற்றுமுன் எண் எழுதி ஒட்டுங்கள். இந்த எஞ்சினின் ஃபயரிங் வரிசை 1-3-4-2.

6. பெட்ரோல் வழியைப் பார்க்கும்போது பொறுமை வேண்டும், ஏனென்றால் இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. 2023 முதல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இப்போது எங்கும் அதுவே கிடைக்கிறது. இந்த ஜீப்பின் ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மெத்தென்று உப்பி, பிறகு வெடித்து ஒழுகும். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் கேட்டு வாங்கிப் போடுங்கள். எத்தனால் நீரையும் ஈர்க்கும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

சோதிப்பது எளிது. பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் நீர்க்குமிழ் நிற்கிறதா, துருத்தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். துருவாக இருந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்க்கைக் கழற்றிக் கழுவியாக வேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடித்தால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் பம்ப். வந்தும் வண்டி எடுக்காவிட்டால் கார்புரேட்டர். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும், காற்றால் ஊதுங்கள். பெட்ரோலை வாயால் உறிஞ்சி இழுக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

இன்னொன்று. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கையில் ஆயில் மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால், பம்ப் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்குகிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. டயாஃப்ரத்தையும் ஆயிலையும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

7. கம்ப்ரஷன் குறைவாக இருந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. இந்த எஞ்சினில் இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். எஞ்சின் ஆறிய நிலையில் டாப்பெட் இடைவெளி இன்டேக் 0.018, எக்ஸாஸ்ட் 0.016 அங்குலம். எஞ்சினை இறக்குவது பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

8. ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் கட்டைவிரலோ மணிக்கட்டோ முறியும். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

9. சூடேறினால் முதலில் ஃபேன் பெல்ட், பிறகு ரேடியேட்டர் அடைப்பு, பிறகு தெர்மோஸ்டாட். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு ஏறுகையில் மதிய வெயிலில் வண்டி இருமிக்கொண்டு நின்றால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம். பம்ப் மேல் ஈரத்துணி போட்டுச் சற்று ஆற விடுவது பழைய டிரைவர்கள் அறிந்த வைத்தியம்.

10. ஸ்டியரிங் ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது கிங் பின் பேரிங். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். சக்கரம் இரண்டையும் தரையில் வைத்து ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லி, நீங்கள் முன்னால் குனிந்து டை ராடு முனைகளையும் நடுவில் இருக்கும் பெல் கிராங்க்கையும் பாருங்கள். பெல் கிராங்க் தேய்ந்த ஜீப்பில் வேறு எதை மாற்றினாலும் ஸ்டியரிங் நேராகாது.

11. தார் ரோட்டில் நாலு சக்கர இழுவையைப் போடாதீர்கள். முன்னச்சும் பின்னச்சும் வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டும், இந்த வண்டியில் அதற்கு வழியில்லை. முறுக்கேறி லீவர் கழலாமல் சிக்கிக்கொள்ளும். சேறும் மணலும் வரும்போது போடுங்கள்.

12. டீசல் எஞ்சின் மாற்றிய ஜீப் வாங்கினால், வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் அதில் மாற்றி எழுதப்பட்டிருக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். இரண்டும் சரியில்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை வரை போகிறவர்கள் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் ஒன்று போல் இருக்கும் வேறொன்று வந்துசேரும்.

13. எல்லாம் பூட்டி முடித்ததும் முதல் ஓட்டத்தை ஆளில்லாத சமதரையில் வையுங்கள். நடை வேகத்தில் பத்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்து ஒவ்வொரு டிரம்முக்கும் அருகில் பின்னங்கையை வைத்துச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அதுவரை பின்சீட்டில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம்.