பிள்ளையின் வயிற்றுவலி பொய்யல்ல



தோட்டத்திலிருந்து படிப்பதற்காகக் கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் விட்டிருக்கும் 15 வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே அறையில் ஆறு பேர். காலையில் கக்கூசுக்கு வரிசை. அடக்கிக்கொண்டே பாடசாலைக்கு ஓட்டம். வயிற்றில் வெறும் தேத்தண்ணிதான். சாதாரண தரப் பரீட்சையும் நெருங்குகிறது. வயிறு பிசைந்து வலிக்கிறது. ஒருநாள் பேதி, இன்னொரு நாள் மலச்சிக்கல். பூச்சி மருந்து கொடுத்தாச்சு, ஸ்கேனும் எடுத்தாச்சு, ஒன்றும் தெரியவில்லை. "பள்ளிக்கூடம் போகாம இருக்கப் பொய் சொல்றான்" என்று ஏச்சு வேறு.

பொய்யல்ல. வைத்தியர்கள் இதை ஐ.பி.எஸ். என்பார்கள். குடலில் புண்ணோ கட்டியோ இராது. ஆனால் குடலின் அசைவும் உணர்வும் மாறிவிடுகின்றன. பயந்தால் நெஞ்சு படபடக்கிறது அல்லவா? மூளைக்கும் குடலுக்கும் அதே மாதிரி நரம்புத் தொடர்பு உண்டு. மாதத்துக்கு 4 நாளாவது, 2 மாதத்துக்குக் குறையாமல் வலி இருந்து, அது மலம் போவதோடு சம்பந்தப்பட்டு, வேறு நோயும் இல்லையென்றால் ஐ.பி.எஸ். என்று கொள்ளலாம் என்பது 2016இல் வெளியான சர்வதேச அளவுகோல்.

களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலிருந்து நிரங்கா தேவநாராயண, ஷமன் ராஜிந்திரஜித் ஆகிய வைத்தியர்கள் நமது நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்தார்கள். வீட்டிலும் பாடசாலையிலும் மனதை வருத்தும் சம்பவங்கள், அடி, ஏச்சு, பாலியல் துன்புறுத்தல் ஆகியவற்றுக்கும் இத்தகைய வயிற்றுக் கோளாறுகளுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை:

1. காலையில் ரொட்டியோ பாணோ ஏதாவது சாப்பிட்டுப் போகட்டும். எதைச் சாப்பிட்டால் வலி கூடுகிறது என்று கவனியுங்கள்.
2. அரைமணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். மலத்தை அடக்கப் பழக்காதீர்கள்.
3. நல்ல தூக்கமும் விளையாட்டும் வேண்டும்.
4. வலி என்று பாடசாலையை நிறுத்திவிடாதீர்கள்.

மலத்தில் இரத்தம், உடல் மெலிதல், காய்ச்சல், விடாத வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால் இது வேறு நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த முறை போன் எடுக்கும்போது "மார்க்ஸ் எவ்வளவு?" என்று கேட்க முன், "சாப்பிட்டியா? அங்க யாரும் உன்னைய கஷ்டப்படுத்துறாங்களா?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை ஏசாமல் கேளுங்கள். பிள்ளையை யாரும் துன்புறுத்தினால் 1929, மன ஆறுதலுக்கு 1926 ஆகிய அரசாங்கத் தொலைபேசி இலக்கங்கள் உண்டு. வாய் சொல்லாததைச் சில நேரம் வயிறு சொல்கிறது.